கோபுரத்தைச் சோதிக்கும்போது உலையை யார் பார்த்துக்கொள்வது?

அணுமின் நிலையம் என்றதும் பலர் மனதில் எழும் படம் ஒன்றுதான்: இடை சிறுத்த ராட்சத உடுக்கை போன்ற கோபுரம், அதன் வாயிலிருந்து வெளிவரும் வெண்புகை. 1979 மார்ச் 28-ல் அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்டில் உலை ஒன்று பாதி உருகியபோது உலகச் செய்தித்தாள்கள் அச்சிட்ட படமும் அதுவே. சுமார் 113 மீட்டர் உயரமுள்ள அந்த நான்கு கோபுரங்களுக்கும் விபத்துக்கும் தொடர்பில்லை. அவற்றிலிருந்து வெளிவந்தது வெறும் நீராவி. ஆனாலும் அன்று முதல் அந்த உருவம் அணு ஆபத்தின் சின்னமாகிவிட்டது.

இந்தத் தவறான எண்ணத்தைத் திருத்துவதில் அணுத்துறையினர் சலிப்பதே இல்லை. கோபுரம் அணு உலை அல்ல, அதில் கதிரியக்கப் பொருள் இல்லை, அனல்மின் நிலையத்திலும் இதே கோபுரம்தான் நிற்கிறது என்பார்கள். மூன்றும் உண்மை. அப்படியானால், அந்தக் கோபுரத்தின் குளிர்விக்கும் திறனை ஒரு நாள் சோதித்துப் பார்க்க ஏன் தனியாகப் பாதுகாப்பு ஆய்வு வேண்டும்? உலையின் பாதுகாப்புக்கு இன்றியமையாத கருவிகளுக்கென்று ஒரு பட்டியல் உண்டு; அந்தப் பாதுகாப்புப் பட்டியலில் இல்லாத கருவியைச் சோதிக்கப் பாதுகாப்புப் பொறியாளர் எதற்கு உட்கார வேண்டும்?

பட்டியல் ஒரு கருவியைப் பற்றியது, ஆய்வு ஒரு செயலைப் பற்றியது என்பதுதான் இதற்கு விடை. கோபுரம் சும்மா நிற்கும்போது அது உலைக்குத் தூரத்து உறவு. அதைச் சோதிக்கப் போகும் நாளில் பம்புகள், வால்வுகள், தொட்டி மட்டம், உலையின் திறன் எல்லாமே சோதனைக்காரர்கள் கேட்டபடி நிற்க வேண்டியிருக்கிறது. அன்றைக்கு உறவு நெருங்கிவிடுகிறது.

கோபுரத்தின் வேலை

அணு உலையில் பிறக்கும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. 1,000 மெகாவாட் மின்சாரம் தரும் நிலையத்தின் உலை ஏறக்குறைய 3,000 மெகாவாட் வெப்பத்தை உண்டாக்கும். மீதி 2,000 மெகாவாட்டையும் எங்காவது கொண்டுபோய்க் கொட்டியாக வேண்டும். டர்பைனைச் சுற்றிவிட்டு வரும் நீராவி, கண்டென்சர் என்ற பெரிய பெட்டிக்குள் குளிர்ந்த குழாய்கள்மீது பட்டு நீராகிறது. அந்தக் குழாய்களுக்குள் ஓடும் தண்ணீர்தான் வெப்பத்தை வாங்கிச் செல்கிறது. கடலோரத்திலோ பெரிய ஆற்றங்கரையிலோ இருந்தால் அந்தத் தண்ணீரை அப்படியே திருப்பி விட்டுவிடலாம். அந்த வசதி இல்லாத இடத்தில் கோபுரம் எழுகிறது.

தண்ணீர் பத்து டிகிரி சூடேறலாம் என்று வைத்துக்கொண்டால், 2,000 மெகாவாட்டை அகற்ற நொடிக்கு ஏறக்குறைய 48 கன மீட்டர் தண்ணீர் ஓட வேண்டும். ஒரு சிற்றாறே குழாய்க்குள் ஓடுவது போன்றது அது. கோபுரத்துக்குள் இந்தத் தண்ணீர் மழைபோல் பொழிய, கீழிருந்து காற்று மேலேறுகிறது. ஒரு பகுதி ஆவியாகி, மீதித் தண்ணீரைக் குளிர்விக்கிறது. மணிக்கு 2,400 கன மீட்டர் அளவுக்குத் தண்ணீர் வானத்துக்குப் போய்விடும். கோபுரத்தின் உச்சியில் நாம் பார்க்கும் வெண்மேகம் இதுதான்.

உடுக்கை வடிவத்துக்கு 1918-ல் நெதர்லாந்துப் பொறியாளர்கள் ஃபிரெடரிக் வான் இட்டர்சனும் ஜெரார்ட் கைப்பர்சும் காப்புரிமை பெற்றார்கள். மின்விசிறி தேவையில்லை, உள்ளே சூடான ஈரக் காற்று லேசாகி மேலேற, அதுவே வெளிக்காற்றை உள்ளிழுக்கிறது. உயரம் குறைவான இன்னொரு வகையில் மேலே பெரிய விசிறிகள் காற்றை இழுக்கும்.

சோதனை எப்படி நடக்கிறது

கோபுரத்தைக் கட்டித் தந்தவர் ஓர் உறுதி கொடுத்திருப்பார்: இன்ன அளவு தண்ணீர், இன்ன வெப்பத்தில் வந்தால், காற்றின் ஈரக்குமிழ் வெப்பநிலை இவ்வளவாக இருக்கும்போது, இவ்வளவு குளிர்ச்சியாகத் திருப்பித் தருவேன் என்று. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவே ஈரக்குமிழ் வெப்பநிலை. கோபுரம் எவ்வளவு பெரிதானாலும் தண்ணீரை அந்த அளவுக்குக் கீழே கொண்டுபோக முடியாது. அதை எவ்வளவு நெருங்குகிறது என்பதில்தான் கோபுரத்தின் தரம் தெரியும். திரும்பும் தண்ணீர் ஒரு டிகிரி கூடுதல் சூடாக இருந்தாலே கண்டென்சரின் வெற்றிடம் குறைந்து மின் உற்பத்தி சரியும். ஆண்டுக்கணக்கில் பார்த்தால் அது பெரும் பணம். அதனால் வாங்கியவருக்கும் விற்றவருக்கும் இந்தச் சோதனை ஒரு வழக்கின் தீர்ப்பு மாதிரி.

சோதனை விதிகள் கறாரானவை. குளிர்விப்புத் தொழில்நுட்ப நிறுவனமான சிடிஐ-யின் நெறிமுறைப்படி தண்ணீர் ஓட்டம் வடிவமைப்பு அளவிலிருந்து பத்து சதவீதத்துக்குமேல் விலகக் கூடாது. காற்று சராசரியாக நொடிக்கு நாலரை மீட்டரைத் தாண்டக் கூடாது. எல்லாம் நிலையாக நிற்க வேண்டும். இந்த ‘நிலையாக’ என்ற சொல்லில்தான் சிக்கல் தொடங்குகிறது. கோபுரம் முழு வெப்பத்தைச் சுமக்க வேண்டுமானால் உலை முழுத் திறனில் ஓட வேண்டும். சோதனைக் குழுவுக்குத் தேவை அசையாத நிலையம். மின்நிலையமோ தன் பாதுகாப்புக்காக எந்த நொடியும் அசையத் தயாராக இருக்க வேண்டியது.

எழுத்தில் ஒரு வேலி

அமெரிக்க அணு ஒழுங்குமுறைச் சட்டத்தில் 10 சிஎஃப்ஆர் 50.59 என்றொரு பிரிவு உண்டு. மாற்றங்கள், சோதனைகள், பரிசோதனைகள் என்பது அதன் தலைப்பு. நிலையத்தின் பாதுகாப்பு அறிக்கையில் சொல்லப்படாத வகையில் ஒரு கருவியை இயக்கப் போகிறீர்களா, அல்லது வடிவமைப்பு எல்லைக்கு வெளியே கொண்டுபோகப் போகிறீர்களா? அப்படியானால் முதலில் எட்டுக் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் சொல்லுங்கள் என்கிறது அது. ஏற்கெனவே ஆராயப்பட்ட விபத்து நேரும் வாய்ப்பு, பொருட்படுத்தத் தக்க அளவுக்குக் கூடுகிறதா? பாதுகாப்புக் கருவி பழுதாகும் வாய்ப்பு கூடுகிறதா? விளைவுகள் மோசமாகுமா? இதுவரை ஆராயப்படாத புதுவகை விபத்துக்குக் கதவு திறக்கிறதா? ஒன்றுக்கு ‘ஆம்’ என்று விடை வந்தாலும், ஒழுங்குமுறை ஆணையத்தின் முன் அனுமதி இல்லாமல் சோதனையைத் தொடக்கூடாது. எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்றால் நிலையமே முடிவெடுத்துக்கொள்ளலாம். ஆனால் காரணங்களை எழுதி வைக்க வேண்டும். சுருக்கத்தை 24 மாதங்களுக்கு மிகாத இடைவெளியில் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும்.

1999-ல் திருத்தப்படும் முன் இந்தப் பிரிவு இன்னும் கடுமையாகவே இருந்தது. வாய்ப்பு கடுகளவு கூடினாலும் அது ‘ஆராயப்படாத பாதுகாப்புக் கேள்வி’ ஆகிவிடும். கடுகளவைக்கூடக் கணக்கில் எடுத்தால் எந்த வேலையும் நடக்காது என்பதால் ‘மிகச் சிறிதளவுக்கு மேல்’ என்ற சொற்கள் சேர்ந்தன. அந்தச் சொற்களின் எடை எவ்வளவு என்று நிறுப்பது இன்று ஆய்வாளரின் கையில் இருக்கிறது. என் பார்வையில் இந்தப் பிரிவின் உண்மையான பலன் அந்த எட்டுக் கேள்விகள்கூட அல்ல. கருவி எந்தப் பட்டியலில் இருக்கிறது என்பதோடு நின்றுவிடாமல், நீ என்ன செய்யப் போகிறாய் என்று கேட்க வைக்கிறதே, அதுதான் பலன்.

இந்தக் கேள்வி கேட்கப்படாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு உலகறிந்த உதாரணம் செர்னோபில். 1986 ஏப்ரல் 26 அதிகாலையில் அங்கே நடந்துகொண்டிருந்ததும் ஒரு சோதனைதான். நீராவி நின்ற பிறகும் தன் வேகத்தில் சுழன்றுகொண்டிருக்கும் டர்பைன், அவசர டீசல் ஜெனரேட்டர்கள் எழும்பும்வரை பம்புகளுக்கு மின்சாரம் தருமா என்று பார்ப்பது நோக்கம். அதை மின்பொறியியல் சார்ந்த சோதனை என்றே கருதினார்கள். உலையின் பாதுகாப்பை அறிந்தவர்களின் முறையான ஒப்புதல் பெறப்படவில்லை என்று சர்வதேச அணுசக்தி முகமையின் ஆலோசனைக் குழு 1992-ல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. மின் தொகுப்பின் தேவைக்காகச் சோதனை பல மணி நேரம் தள்ளிப்போய், இரவுப் பணியாளர்கள் கையில் வந்து விழுந்தது. 700 மெகாவாட்டுக்குக் குறையாத வெப்பத் திறனில் நடத்த வேண்டிய சோதனை 200 மெகாவாட்டில் நடந்தது. உலையின் வடிவமைப்பிலேயே பெருங்குறைகள் இருந்தன, அது தனிக் கதை. ‘இது எங்கள் பக்கத்து வேலை, உலைக்கு இதில் சம்பந்தமில்லை’ என்ற மனப்போக்கு இங்கே நமக்கு முக்கியம். கோபுரச் சோதனைக்கும் அதே மனப்போக்கு எளிதாக வந்துவிடும்.

தொட்டி மட்டம்

ஆய்வாளர் கோபுரச் சோதனைத் திட்டத்தைக் கையில் எடுத்ததும் முதலில் எங்கே விரல் வைப்பார்? நானாக இருந்தால் தண்ணீர் மட்டத்தில் வைப்பேன். சாதாரண நாட்களில் ஆவியாகிப் போகும் நீரை ஈடுகட்டப் புதுத்தண்ணீர் வந்துகொண்டே இருக்கும்; உப்பு அடர்ந்துவிடாமலிருக்கக் கொஞ்சம் தண்ணீர் வெளியேறிக்கொண்டே இருக்கும். சோதனையின்போது இந்த இரண்டையும் மூடிவிடுவது வழக்கம். வெளியிலிருந்து வரும் தண்ணீர் வேறு வெப்பநிலையில் இருக்கும், கணக்கு குழம்பும் என்பதால்.

இப்போது கணக்குப் போடலாம். கோபுரத்தின் அடியில் உள்ள தொட்டி 100 மீட்டர் விட்டம் கொண்டது என்று வைத்துக்கொண்டால் அதன் பரப்பு ஏறக்குறைய 7,850 சதுர மீட்டர். மணிக்கு 2,400 கன மீட்டர் ஆவியானால், மட்டம் மணிக்கு 30 சென்டிமீட்டர் இறங்கும். ஒரு மணி நேரச் சோதனை, அதற்கு முன் நிலைப்படுத்த ஒரு மணி நேரம், இடையில் காற்று கொஞ்சம் பலமாக வீசியதால் மறுபடி ஒரு மணி நேரம் என்று இழுத்தால் ஒரு மீட்டர் போய்விடும். மட்டம் இறங்கினால் பம்பின் வாயில் சுழி உண்டாகிக் காற்று உள்ளே புகும். பம்பு தடுமாறி நின்றால் கண்டென்சருக்குத் தண்ணீர் இல்லை, வெற்றிடம் போகும், டர்பைன் தானாக நிற்கும், பின்னாலேயே உலையும் நிற்கும். உலை தானாக நிற்பது விபத்து இல்லைதான். ஆனால் முழுத் திறனில் ஓடும் உலையைத் திடீரென்று நிறுத்தும் ஒவ்வொரு தடவையும் பாதுகாப்பு ஏற்பாடுகளை வேலைக்கு அழைக்கிறோம். எத்தனை முறை அழைக்கிறோம் என்பதும் கணக்கில் உண்டு. இதைத்தான் ‘விபத்து நேரும் வாய்ப்பு கூடுகிறதா’ என்ற கேள்வி பிடிக்கப் பார்க்கிறது.

அந்தத் தொட்டித் தண்ணீரை வேறு யாரும் நம்பியிருக்கிறார்களா என்பது அடுத்த கேள்வி. தீயணைப்புப் பம்புக்கோ துணைக் குளிர்நீர் அமைப்புக்கோ அதே தொட்டியிலிருந்து குழாய் போயிருந்தால், கோபுரச் சோதனை அவர்கள் சேமிப்பில் கைவைக்கிறது என்று பொருள்.

வெளியேறும் தண்ணீரை மூடுவதில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. கோபுரத்தில் கதிரியக்கம் இல்லை என்று மேலே சொன்னேன். ஆனால் பல நிலையங்களில், சுத்திகரிக்கப்பட்ட, மிகக் குறைந்த கதிரியக்கமுள்ள கழிவுநீரை வெளியே விடும்போது அதை நீர்க்கச் செய்வது கோபுரத்திலிருந்து வெளியேறும் இந்த நீரோட்டம்தான். அதை அடைத்துவிட்டால் கழிவுநீர் வெளியேற்றத்தையும் அந்த நேரம் முழுவதும் நிறுத்தி வைத்திருக்க வேண்டும். கோபுரக் குழுவுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. கழிவுநீர்ப் பிரிவுக்குக் கோபுரச் சோதனை நடப்பது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. இரண்டு பேரையும் ஒரே மேசையில் உட்கார வைப்பது ஆய்வின் வேலை.

குழாய்க்குள் ஓடும் ஆறு

சோதனைக்கு வேண்டிய ஓட்டத்தைக் கொண்டுவர வால்வுகளைக் கொஞ்சம் மூடித் திறப்பார்கள். நொடிக்கு 48 கன மீட்டர் ஓடும் குழாயில் வால்வை வேகமாக மூடினால், ஓடிவந்த தண்ணீர் சுவரில் மோதியதுபோல் அழுத்த அலை கிளம்பும்.

1972 ஜூன் 9 அன்று அமெரிக்காவின் குவாட் சிட்டீஸ் நிலையத்தில் இப்படித்தான் நடந்தது. அங்கே கோபுரம் சம்பந்தப்படவில்லை, ஆனால் குழாய் அதே வகைதான்: கண்டென்சருக்குத் தண்ணீர் கொண்டுபோவது. வால்வு சட்டென்று மூடிக்கொண்டதில் ரப்பர் இணைப்பு கிழிந்து, டர்பைன் கட்டடத்தின் அடித்தளம் வெள்ளக்காடானது. பாதுகாப்புக்கு உரிய பம்புகள் சில அந்த வெள்ளத்தில் மூழ்கின. சாதாரணக் குழாய்ப் பிரிவு, பாதுகாப்புப் பட்டியலில் இடமில்லாத ரப்பர் வளையம், ஆனால் தண்ணீருக்குப் பட்டியல் தெரியாது. தாழ்வான இடம் எதுவோ அங்கே போய் நிற்கும். இந்தச் சம்பவத்துக்குப் பிறகு, கண்டென்சர் நீர்க்குழாய் உடைந்தால் எவ்வளவு தண்ணீர் வரும், எந்த அறைவரை ஏறும், பம்பை எத்தனை நிமிடத்தில் நிறுத்த முடியும் என்ற கணக்கு நிலையங்களின் பாதுகாப்பு அறிக்கைகளில் இடம்பிடித்தது. கோபுரம் இருக்கும் நிலையத்தில் ஒரு வேறுபாடு உண்டு: கோபுரத் தொட்டி தரைமட்டத்துக்குமேல் இருந்தால், பம்பை நிறுத்திய பிறகும் தொட்டியில் இருக்கும் தண்ணீர் தானாகவே கீழிறங்கி வந்துகொண்டிருக்கும். ஆகவே சோதனைத் திட்டத்தில் வால்வை எத்தனை நொடியில் மூட வேண்டும், ஒரு சமயத்தில் எத்தனை வால்வைத் தொடலாம், கண்டென்சர் அறைக்கு அருகே யார் நிற்பது என்றெல்லாம் எழுதியிருக்க வேண்டும்.

உண்மையிலேயே பாதுகாப்புக்கு உரிய கோபுரங்கள்

இதுவரை பேசியது பெரிய கோபுரத்தைப் பற்றி. இன்னொரு வகை இருக்கிறது. புகைப்படக்காரர்கள் அதைக் கண்டுகொள்வதில்லை. இல்லினாய் மாநிலத்தின் பைரன் நிலையத்துக்குப் போகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது 151 மீட்டர் உயரமுள்ள இரண்டு உடுக்கைகள். அவற்றின் நிழலில், விசிறி வைத்த தாழ்வான கோபுரங்கள் இரண்டு இருக்கின்றன. பெரியவை இரண்டும் நின்றுபோனால் மின்சாரம்தான் நிற்கும். சிறியவை நின்றுபோனால் உலைக்கு ஆபத்து. உலையின் கடைசி வெப்பப் போக்கிடம் அவைதான்.

உலையை நிறுத்தினாலும் எரிபொருளில் உள்ள கதிரியக்கப் பொருள்கள் சிதைவதால் எழும் சிதைவு வெப்பம் வந்துகொண்டேயிருக்கும். நிறுத்திய நொடியில் அது முழு வெப்பத்தில் 6 முதல் 7 சதவீதம். 3,000 மெகாவாட் உலைக்கு 200 மெகாவாட்! ஒரு நாள் கழித்தும் 15 மெகாவாட் அளவுக்கு இருக்கும். வெளியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் வராவிட்டாலும் 30 நாட்களுக்கு இந்த வெப்பத்தை அகற்றும் அளவுக்கு நீர்ச் சேமிப்பு வேண்டும் என்பது அமெரிக்க ஒழுங்குமுறை ஆணையத்தின் வழிகாட்டி. அதுவும் அந்த இடத்தில் பதிவான மிகக் கெட்ட வானிலையில்.

இங்கேதான் சோதனையின் பெரிய புதிர் வருகிறது. இந்தச் சிறிய கோபுரம் எந்த நாளுக்காகக் கட்டப்பட்டதோ அந்த நாளை நாம் உண்டாக்க முடியாது. விபத்து நேர வெப்பத்தைச் சோதனைக்காக வரவழைக்க வழியில்லை. நிலையத்தின் அன்றாட வெப்பத்தில், மிதமான வானிலையில் அளந்துவிட்டு, அதிலிருந்து அந்தக் கொடிய நாளுக்குக் கணக்கால் தாவ வேண்டும். தாவுவதற்கான பாலம், ஃபிரீட்ரிஷ் மெர்க்கல் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1925-ல் தந்த சமன்பாடு. நல்ல பாலம்தான். ஆனால் இந்தக் கரையில் கால் ஊன்றும் இடம் வழுக்கினால், அந்தக் கரையில் எங்கே போய் விழுவோம் என்று சொல்ல முடியாது.

எவ்வளவு வழுக்கும் என்று பார்க்கலாம். உள்ளே வரும் தண்ணீருக்கும் வெளியே போகும் தண்ணீருக்கும் வித்தியாசம் 10 டிகிரி என்றால், இரண்டு வெப்பமானிகளும் எதிரெதிர்ப் பக்கமாக 0.2 டிகிரி தவறினாலும் பிழை 4 சதவீதம்தான். வித்தியாசம் 3 டிகிரியே என்றால் அதே தவறு 13 சதவீதமாகிறது. கோபுரம் தேறியது என்று முடிவு சொன்ன சோதனையில் தேவைக்கு மேல் இருந்த கையிருப்புத் திறன் 8 சதவீதம் என்றால், அந்த முடிவுக்கு என்ன மதிப்பு? சோதனை தவறில்லை, வெப்பமானி தவறில்லை, எண்ணும் சரியாகவே கழிக்கப்பட்டிருக்கிறது. ஆனாலும் பாதுகாப்பு நிரூபிக்கப்படவில்லை. ஆய்வாளர் இந்த இடத்தில் பிடிவாதமாக நிற்க வேண்டும். பிழை எல்லையைக் கோபுரத்துக்குச் சாதகமாகக் கணக்கிடாமல் பாதகமாகக் கணக்கிட்டு, அதற்குப் பிறகும் தேறுகிறதா என்று கேட்க வேண்டும். 1989-ல் அமெரிக்க ஆணையம் எல்லா நிலையங்களுக்கும் ஒரு கடிதம் அனுப்பி, பாதுகாப்புக் குளிர்நீர் அமைப்புகளின் வெப்பத் திறனைச் சோதித்துக் காட்டச் சொன்னபோது இந்தச் சிக்கல்தான் பலரை வாட்டியது: குறைந்த வெப்பத்தில் எடுத்த அளவை எந்த அளவுக்கு நம்புவது?

மரமும் காற்றும்

எண்கள் சரியாக வந்தாலும் கோபுரமே நிற்குமா என்பது வேறு கேள்வி. அமெரிக்காவின் வெர்மாண்ட் யாங்கி நிலையத்தில் விசிறிக் கோபுரங்கள் இரண்டு வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் பதினோரு அறைகள். உள்ளே தாங்கிகள் மரத்தால் ஆனவை. 2007 ஆகஸ்ட் 21-ல் அதில் ஓர் அறை சரிந்து, உடைந்த பெருங்குழாயிலிருந்து தண்ணீர் கொட்டும் படம் ஊரெங்கும் பரவியது. வருடக்கணக்காக ஈரத்தில் நின்ற மரம் உள்ளுக்குள் உளுத்துப்போயிருந்தது. வெளியிலிருந்து பார்த்த ஆய்வுகளில் அது அகப்படவில்லை. மின் உற்பத்தியைக் குறைக்க வேண்டியதாயிற்று. உலைக்கு ஆபத்தில்லை என்று நிர்வாகம் சொன்னது உண்மைதான். ஆனால் அதே வரிசையின் ஒரு முனையில் இருந்த அறை அவசரக் குளிர்விப்புக்கு உரியது, பாதுகாப்புப் பட்டியலில் இருப்பது. பட்டியலில் இல்லாத அறையும் பட்டியலில் உள்ள அறையும் ஒரே கூரையின்கீழ், ஒரே வகை மரத்தில், ஒரே ஈரத்தில் நின்றன. அக்கம்பக்கத்தில் ஒருவர் வீடு இடிந்தால் நம் வீட்டுச் சுவரைத் தட்டிப் பார்க்கிறோம் அல்லவா, அந்த அக்கறை ஆய்வில் வேண்டும்.

கான்கிரீட் கோபுரங்களுக்கும் தனிச் சரித்திரம் உண்டு, அணுத்துறைக்கு வெளியே. 1965 நவம்பர் 1-ல் இங்கிலாந்தின் ஃபெர்ரிபிரிட்ஜ் அனல்மின் நிலையத்தில் எட்டுக் கோபுரங்களில் மூன்று பலத்த காற்றில் இடிந்து விழுந்தன. காற்றை நேராக வாங்கிய முன்வரிசை தப்பித்தது. பின்வரிசைதான் விழுந்தது, முன்னால் நின்றவை காற்றைக் குவித்துச் சுழற்றி அனுப்பியதால். தனிக் கோபுரத்தை வைத்துச் செய்த கணக்கும், காற்று வேகத்தின் ஒரு நிமிடச் சராசரியை எடுத்ததும் திடீர் வீச்சுகளை மறைத்துவிட்டன. 1978 ஏப்ரல் 27-ல் மேற்கு வர்ஜீனியாவின் வில்லோ ஐலண்டில், கட்டிக்கொண்டிருந்த கோபுரத்திலிருந்து சாரம் பெயர்ந்து 51 தொழிலாளர்கள் இறந்தார்கள். முந்தைய நாள் ஊற்றிய கான்கிரீட் போதிய வலிமை அடையும் முன்பே அதன்மீது பாரத்தை ஏற்றியதே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. சோதனைக்காகக் கருவிகளோடு கோபுரத்துக்குள் ஏறும் மனிதர்களைப் பற்றி ஆய்வறிக்கை பேசாவிட்டால் அது குறையுள்ள அறிக்கைதான். உலையின் பாதுகாப்பு என்ற பெரிய சொல்லுக்கு முன்னால், வெந்நீர் மழைக்கு நடுவே வழுக்கும் நடைபலகையில் நிற்பவரின் பாதுகாப்பு சிறிதாகிவிடக் கூடாது.

காற்றோடு போகும் துளிகளும் கவனிக்க வேண்டியவை. ஆவி சுத்தமானது, ஆனால் அதோடு தப்பிப்போகும் நுண்துளிகளில் தொட்டித் தண்ணீரின் உப்பும் மருந்தும் கிருமியும் போகும். அவை மின் முற்றத்தின் இன்சுலேட்டர்மீது படிந்தால் பொறி பாய்ந்து, நிலையத்துக்கு வெளியிலிருந்து வரும் மின்சாரம் அறுந்துபோகலாம். அணு உலைக்கு வெளி மின்சாரம் இல்லாமல் போவது சின்ன விஷயமில்லை. நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமியைக் கட்டுப்படுத்தப் பிரான்சின் நிலையங்கள் சில மோனோகுளோரமின் என்ற கிருமிநாசினியைக் கலக்கின்றன. சோதனைக்காக மருந்து கலப்பதை நிறுத்தினாலும், துளியை அளக்கச் சாயம் கலந்தாலும் அது தண்ணீர் வேதியியலில் செய்யும் மாற்றம். அதற்கும் ஓர் ஒப்புதல் வேண்டும்.

‘மறுபக்கம்’ என்ற எல்லைக்கோடு

டர்பைன், கண்டென்சர், கோபுரம் எல்லாம் சாதாரணப் பக்கம், உலை மட்டுமே அணுப் பக்கம் என்று பிரித்துப் பேசுவது தொழிலில் வழக்கம். 1993 மார்ச் 31 அதிகாலை உத்தரப் பிரதேசத்தின் நரோரா நிலையத்தில் அந்தக் கோடு அழிந்தது. டர்பைன் இதழ்கள் உடைந்து, ஹைட்ரஜன் கசிந்து தீப்பிடித்தது. தீ கேபிள்கள் வழியே பரவி, முதல் அலகு ஏறக்குறைய 17 மணி நேரம் மின்சாரமே இல்லாமல் கிடந்தது. டீசலில் ஓடும் தீயணைப்புப் பம்பால் நீராவி உற்பத்திக் கலங்களுக்குத் தண்ணீர் செலுத்தி உலையைக் குளிர்வித்தார்கள். அன்று அங்கே பணியில் இருந்தவர்களின் துணிச்சலை எத்தனை முறை சொன்னாலும் தகும். தீ தொடங்கியது ‘சாதாரண’ டர்பைனில். காப்பாற்றியதும் ‘சாதாரண’ தீயணைப்புப் பம்பு.

திரும்ப வைப்பது

கடைசியாக, பெரும்பாலும் அவசரமாக எழுதப்படும் ஒரு பக்கம் சோதனைத் திட்டத்தில் இருக்கும்: சோதனை முடிந்ததும் எதையெல்லாம் பழையபடி வைக்க வேண்டும் என்ற பக்கம். மூடிய புதுத்தண்ணீர் வால்வு, வெளியேற்ற வால்வு, கைக்கட்டுப்பாட்டுக்கு மாற்றிய விசிறிகள், குழாயில் செருகிய அளவுமானிகள், தற்காலிகமாக இழுத்த ஒயர்கள். ஒருவர் திருப்பி வைக்க வேண்டும். வேறொருவர் தனியாகப் போய்ப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். பகல் முழுவதும் நல்ல காற்றுக்காகக் காத்திருந்து, சாயங்காலம் அளவுகள் கிடைத்த மகிழ்ச்சியில் குழு கிளம்பும் நேரத்தில் இந்தப் பக்கம் வருகிறது. ஆய்வாளர் முதல் பக்கத்தைவிட இந்தப் பக்கத்தை நிதானமாகப் படிக்க வேண்டும் என்பேன்.

திரீ மைல் ஐலண்டுக்கே திரும்பினால், அந்தக் கோபுரங்களைப் படம்பிடித்த யாரும் படம்பிடிக்க முடியாத ஒன்று உள்ளே இருந்தது. விபத்து தொடங்கியபோது அவசர நீர்வரத்துப் பம்புகள் சரியாகவே ஓடின. தண்ணீர் மட்டும் போய்ச் சேரவில்லை, குழாய்களில் இரண்டு வால்வுகள் மூடியிருந்ததால். இரண்டு நாள் முன்பு, மார்ச் 26-ல், ஒரு வழக்கமான சோதனைக்காக அவை மூடப்பட்டிருந்தன. அப்போது திறக்கத் தவறியிருக்கலாம் என்பது விசாரணைக் குழு சொன்ன காரணங்களில் ஒன்று. அந்த வால்வின் நிலையைக் காட்டும் விளக்குகளில் ஒன்றைப் பராமரிப்புக்கான மஞ்சள் அட்டை மறைத்திருந்தது. விபத்தின் முடிவை அந்தத் தாமதம் பெரிதாக மாற்றிவிடவில்லை என்றும் கணிக்கப்பட்டது. கட்டுப்பாட்டு அறையில் ஒருவர் கவனித்து வால்வுகளைத் திறந்தபோது எட்டு நிமிடங்கள் ஆகியிருந்தன.